மிதி, விடு

"மிதி" என்று வீட்டு ஷெட்டில், தாங்களே கட்டுகிற ரேஸ் வண்டிக்கு அடியிலிருந்து அக்கா இந்துஜா சொன்னாள். பிரகதீஸ் பிரேக்கை மிதித்தான். அவ்வளவுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. அவள் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட்டைப் பின் ஆக்சிலோடு சேர்க்கும் நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாக முடுக்க வேண்டும். முடுக்குகிறபோது ஷாஃப்ட்டு சுற்றக் கூடாது. அதுக்கு ஒருத்தன் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு செங்கல்லைத் தூக்கி பெடல் மேல் வைத்தாலும் நடக்கிற காரியம். ஆனால் செங்கல்லுக்குத் தொடை கிடையாது. இவனுக்கு இருந்தது, அதுவும் இடது தொடை, ஷாஃப்ட்டுக்கு மேலே மூடிய தகரத்தோடு ஒட்டிக்கொண்டு. எண்ணெய் டின்னை வெட்டி மடக்கிய தகரம், இன்னும் அதில் சூரியகாந்திப் பூ பாதி தெரிந்தது. இந்துஜா ஸ்பேனரை ஒவ்வொரு தடவை இழுக்கிறபோதும் கிர்ரென்று ஒரு சின்ன நடுக்கம் ஷாஃப்ட்டில் ஏறி, தகரத்தில் ஏறி, அவன் தொடை எலும்பில் வந்து நின்றது. பல் டாக்டர் சொத்தைப் பல்லைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. இந்தப் பக்கம் எலும்பு, அந்தப் பக்கம் இரும்பு, நடுவில் ஒரு பூ. வண்டி ஓடும்போது இந்த இரும்பு நிமிசத்துக்கு எத்தனை ஆயிரம் தடவை சுத்தும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள்.

போன வருசம் ரேஸ் ட்ராக்கில் ஒரு சிவப்பு வண்டி. சூலூர்க்காரர் ஒருத்தர், எல்லாரும் அண்ணன் அண்ணன் என்பார்கள், வீட்டில் கட்டின வண்டிதான் அவருதும். பிரகதீஸ் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தான். டங் என்றது. பெரிய சத்தம்கூட இல்லை, யாரோ சமையலறையில் குக்கர் மூடியைக் கீழே போட்ட மாதிரி. வண்டி நேராகத்தான் போய் நின்றது, எங்கேயும் மோதவில்லை, தீப்பிடிக்கவில்லை. அண்ணன் மட்டும் இறங்கவில்லை. ஓடிப்போய்த் தூக்கினார்கள். தூக்கிக்கொண்டு போன பிறகு வண்டிக்குப் பக்கத்தில் அவர் ஷூ ஒன்று கிடந்தது, லேஸ் கட்டினபடி. கட்டின ஷூ எப்படிக் காலை விட்டுக் கழன்றது என்பதை பிரகதீஸ் அன்றைக்கிலிருந்து யோசிக்கிறான், இன்னும் விடை வரவில்லை. பின்பக்க போல்ட்டு லூசாம். ஷாஃப்ட்டு கழன்று சுழட்டி அடித்ததாம். மரக்கட்டையில் அடித்த மாதிரி அடித்ததாம், டீக்கடையில் சொன்னவன் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னான். அண்ணன் சாகவில்லை. போன தையில் ஒரு கல்யாணத்தில் கைத்தடியோடு உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினார், சிரித்தார், "என்ற தம்பி, நீயும் வண்டி கட்டறயாமா?" என்றார். பிரகதீஸ் கை கழுவப் போகிறேன் என்று எழுந்து போனான். அப்போது அவன் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை.

"விடு."

விட்டான். "இர்ஷாத்து, சக்கரத்தைச் சுத்து. அடுத்த போல்ட்டு கீழ வரோணும். முன்னாடி சுத்து" என்றாள் இந்துஜா. வண்டிக்குப் பின்னால் சுவரோரம், கவிழ்த்த பெயிண்டு டப்பா மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த இர்ஷாத் எழுந்து வருகிற சத்தம் கேட்டது. உக்கடத்தில் அவன் அத்தாவுக்குப் பழைய வண்டிச் சாமான் கடை. கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் அங்கிருந்து வந்ததுதான், வெல்டிங்கும் அவனேதான். பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியாகச் சுத்தாமல் ஒன்றாகச் சுத்துகிற மாதிரி உள்ளே பல்லோடு பல் வெல்டு வைத்து ஒட்டினதும் அவன்தான். வண்டியின் பின்பாகம் மரக்கட்டைகள் மேல் தூக்கி நின்றது. "சனியன், கனமா இருக்குது மாப்ள" என்று முனகினான்.

"தாத்தா கியர்ல மாட்டிக்கிட்டான். பரவால்ல, சுத்து. ப்ளக்கு கழட்டித்தான வெச்சிருக்குது, எஞ்சினும் கூடச் சுத்திக்கும்" என்றாள்.

தாத்தா என்றது கியர்பாக்ஸை. அவர்கள் மூன்று பேரும் பிறக்கிறதுக்கு எவ்வளவோ முன்னால் வார்த்த பெட்டி. நியூட்ரலில் போடு என்றால் நாலாவதில் போய் உட்கார்ந்துகொள்ளும், காது கேட்காத மாதிரி. கியரில் இருந்ததால் சக்கரம் சுத்த, ஆக்சில் சுத்த, ஷாஃப்ட்டு தொடைக்குப் பக்கத்தில் உர்ரென்று உருள, முன்னால் பானெட் இல்லாமல் திறந்து கிடந்த எஞ்சினும் சோம்பேறித்தனமாகச் சுற்றியது. பிரகதீஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், பார்க்க வேறு ஒன்றும் இல்லை. எஞ்சினின் முன் புல்லியில் இந்துஜா வெள்ளைப் பெயிண்டில் ஒரு அம்பு போட்டிருந்தாள், எஞ்சின் ஓடினால் எந்தப் பக்கம் சுத்தும் என்பதற்கு. புல்லி மெதுவாக நகர்ந்தது. அம்பு இந்தப் பக்கம் காட்டியது. புல்லி அந்தப் பக்கம் போனது.

"மிதி."

மிதித்தான். என்னவோ ஒன்று உறுத்தியது. என்ன அது. அம்பு இந்தப் பக்கம், புல்லி அந்தப் பக்கம். சக்கரத்தை முன்னால் உருட்டினால் எஞ்சின் அம்புப் பக்கம்தானே சுத்தணும். இல்லையா. சக்கரம் முன்னாடி, அப்படின்னா ஷாஃப்ட்டு இப்படி, அப்படின்னா எஞ்சின் இப்படி. கையை மடியில் வைத்து விரலால் சுத்திப் பார்த்தான். விரல் குழம்பியது. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், பிசிக்ஸ் வாத்தியார் வலது கையை நீட்டச் சொல்வார், கட்டை விரல் ஒரு பக்கம், ஆள்காட்டி விரல் ஒரு பக்கம், நடுவிரல் காட்டினால் பொண்ணுங்க சிரிக்கும். பதினொன்றாம் வகுப்புப் பரீட்சையில் கேள்வித்தாளை வாங்கினான், ஒரு தடவை படித்தான், எழுந்து வெளியே வந்துவிட்டான், திரும்பிப் போகவே இல்லை. என்னா திமிரு பாரு, என்றார்கள் எல்லாரும். பசங்க தோளில் கை போட்டார்கள். உண்மை என்னவென்றால் அன்றைக்கு அவனுக்கு மூச்சு முட்டியது, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடியது, இன்னும் ஒரு நிமிசம் உட்கார்ந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பான். பயம்தான். ஊர் அதுக்குத் திமிர் என்று பேர் வைத்தது, இவனும் சரி என்று வாங்கிக்கொண்டான். அதிலிருந்து பயமே தெரியாத பயல் என்று பேர். மொட்டை மாடிச் சுவரில் நடப்பான், பாம்பை வாலைப் பிடித்துத் தூக்குவான், பயமில்லையா என்று கேட்டால் எனக்கா என்பான். அதனால்தான் வண்டிக்கு ட்ரைவர் யார் என்ற பேச்சே எழவில்லை. மூளை இந்துஜா, கை இர்ஷாத், தைரியம் பிரகதீஸ். தைரியம் இப்போது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

கிர்ர். கிர்ர். ஸ்பேனர் எலும்பில் ஏறியது. இரண்டாவது போல்ட்டு. அவள் நல்லாத்தான் முடுக்குவாள். பம்பு கம்பெனியில் வேலை, பாலிடெக்னிக்கில் முதல் மார்க், கை கணக்கு தப்பாது. ஆனால் சூலூர் அண்ணனுக்கு முடுக்கினவனும் நல்லாத்தான் முடுக்கியிருப்பான். லூசாக முடுக்க வேண்டும் என்று யாராவது முடுக்குவார்களா.

"இந்து, இந்த ஷாஃப்ட்டைச் சுத்தி ஒரு இரும்பு வளையம் போடோணும்னயே. கழன்டா மேல வராம" என்றான், சும்மா கேட்கிற மாதிரி.

"ஞாயித்துக்கிழமை ரேசுக்குள்ள போட்டுக்கலாம்டா. இன்னைக்குச் சந்து முனை வரைக்கும்தான ஓட்டப் போற."

"ஏன் மாப்ள, இப்பவே ஆம்புலன்சுக்குச் சொல்லிரலாமா?" இது இர்ஷாத்.

"உன்ற மூஞ்சிக்குச் சொல்லு" என்றான் பிரகதீஸ், எல்லாரும் சிரித்தார்கள், அவனும்தான் சிரித்தான், அந்தச் சிரிப்பு வாய்க்கு வெளியே எங்கேயோ நின்று சிரித்த மாதிரி இருந்தது.

"விடு. சுத்து."

இந்தத் தடவை புல்லியையே முறைத்துப் பார்த்தான். கண் இமைக்கவில்லை. அம்பு இந்தப் பக்கம். புல்லி அந்தப் பக்கம். தெளிவாக அந்தப் பக்கம். ஆனால் இர்ஷாத் சக்கரத்தை முன்னால்தான் சுத்தினானா? இவனுக்கு முதுகுக்குப் பின்னால் அவன், தெரியாது. முன்னாடி என்றால் பின்னாடி செய்கிற ஜாதி அவன். உப்பு என்றால் சர்க்கரை எடுத்து வருவான். "டேய், முன்னாடியா சுத்துன?"

"ஏன், பின்னாடி சுத்துனா போல்ட்டு கோவிச்சுக்குமா?"

"கேட்டதுக்குச் சொல்லுடா."

"சுத்துனேன்டா. சுத்துனா சுத்துனதுதான். அறிவாளி வந்துட்டாரு."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. மிதி" என்றாள் இந்துஜா.

மிதித்தான். அறிவாளி. இந்த வீட்டில் பள்ளிக்கூடத்தை விட்டவன் கேள்வி கேட்டால் அதுக்கு இதுதான் பதில். போன வாரம் ஆக்சிலுக்கு எண்ணெய் ஊற்றினதும் இவன்தான். எண்ணெய் ஊற்றுகிற ஓட்டை மண்டை உச்சியில் இருந்தது, வசதியாக, புனல் வைத்து ஊற்றினான், அப்போதே ஒரு மாதிரி இருந்தது. இர்ஷாத் கடையில் இவனே எத்தனை ஆக்சில் உருட்டியிருக்கிறான், ஓட்டை உச்சியில் இருந்து பார்த்ததில்லை, பக்கத்தில் இருக்கும். அடியில் ஒரு ஓட்டை இருக்கும், அது எண்ணெயை வடிக்கிறதுக்கு. அடியில் இருக்கிற ஓட்டை. அடி. இப்போது உச்சி. ஏனென்றால் ஆக்சிலையே தலைகீழாகத்தான் மாட்டினார்கள். தெரிந்தேதான் மாட்டினார்கள். தாத்தா பெட்டி உயரமாக உட்கார்ந்துவிட்டது, ஷாஃப்ட்டு வந்து மாட்டுகிற ஆக்சிலின் மூக்கு தாழ்ந்து இருந்தது, ஷாஃப்ட்டு கோணலாகச் சரிந்தது, அப்படியே விட்டால் ஜாயிண்டு உடையும் என்று இந்துஜா ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்து, விடிந்ததும் தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "திருப்பிப் போட்டா மூக்கு மேல வந்துரும்டா!" என்று கத்தினாள். மூன்று பேரும் ஆக்சிலைப் புரட்டினார்கள், ஆடு உரிக்கத் திருப்புகிற மாதிரி. மூக்கு மேலே வந்தது. ஷாஃப்ட்டு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. இர்ஷாத் டப்பாவைத் தட்டிக் குத்தாட்டம் போட்டான். அவன் ஆடினான், இவனும் ஆடினான். தோசையைப் புரட்டினால் மேல் பக்கம் கீழே போகும், சரி. வேறு எதுவும் மாறாதா? வலது பக்கம் இருந்தது இடது பக்கம் போகாதா? உள்ளே பெரிய பல்சக்கரம் ஒரு பக்கமாகத்தானே இருக்கும், அது இப்போது எந்தப் பக்கம்? பக்கம் மாறினால் சுத்து மாறுமா? விரலை மறுபடி சுத்திப் பார்த்தான். வலது கை. கட்டை விரல். ஆள்காட்டி. எறும்பு ஓட ஆரம்பித்தது.

சொல்லு. வாயைத் திற. இந்து, வண்டி பின்னாடி போகும்னு நினைக்கறேன். நாலு வார்த்தையோ அஞ்சு வார்த்தையோ, சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதும். சொன்னால் என்ன ஆகும். ஆக்சிலைக் கழற்ற வேண்டும். கழற்றினால் மறுபடி கோணல். கோணல் என்றால் ஞாயித்துக்கிழமை கிடையாது. ட்ராக் கிடையாது. ஞாயித்துக்கிழமை வீட்டில் படுத்து ஃபேனைப் பார்க்கலாம். ஞாயித்துக்கிழமை கிடையாது என்று நினைத்ததும் உடம்பெல்லாம் ஐஸ் வாட்டர் ஊற்றின மாதிரி குளிர்ந்ததே, அந்த சுகம், அதை அவனே பார்த்துவிட்டான், திருடன் கையும் களவுமாகக் கண்ணாடியில் தன்னையே பார்த்த மாதிரி. அப்போ இந்த அம்பு, இந்த ஓட்டை, இந்தப் பல்சக்கரம் எல்லாம் நிஜமா, இல்லை பயம் ஜோடித்துக் கொடுத்ததா? பயம் கில்லாடி. பரீட்சை அன்றைக்கு வயித்துவலி கொடுத்தது, நிஜமான வயித்துவலி, டாக்டரே மாத்திரை எழுதினார். இந்துஜாவுக்குத் தெரியாதா இது? முதல் மார்க். தூங்காமல் யோசித்தவள். அவளுக்குத் தோன்றாதது, பரீட்சையை விட்டு ஓடினவனுக்குத் தோன்றுமா. சொல்லி, அவள் வெளியே வந்து பார்த்து, ஒன்றும் இல்லடா எல்லாம் சரிதான் என்றால்? அப்போது அவள் ஒரு பார்வை பார்ப்பாள். திட்ட மாட்டாள். ஓ, உனக்குப் பயமா, என்று வாயால் கேட்காமல் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு ஷாஃப்ட்டே தேவலை.

மூன்றாவது முடிந்தது, விடு, சுத்து, மிதி. அவன் புல்லியைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஷட்டருக்கு வெளியே சந்தைப் பார்த்தான். எதிர் வீட்டு வாசலில் ஒரு நாய் வெயிலில் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது. அம்மா காலையில் ஷெட்டை எட்டிப் பார்த்து, "சாகறதுன்னா சத்தமில்லாம சாவுங்க, பக்கத்து ஊட்டுல குழந்தை தூங்குது" என்றுவிட்டு வேலைக்குப் போனாள். அது தமாசு. போகிறபோது அவள் திரும்பிப் பார்த்தது தமாசு இல்லை. கிர்ர். தொடை. பூ. நாலாவது போல்ட்டு. ஷூ எப்படிக் கழன்றிருக்கும்? கால் விரைத்து, அப்புறம் தளர்ந்தால் கழலுமோ. அவன் ஷூவுக்குள் விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஆச்சு!" இந்துஜா வெளியே உருண்டு வந்தாள். நெற்றியில் கிரீஸ், பல்லெல்லாம் சிரிப்பு. ஜாக்கி வைத்து மரக்கட்டைகளை உருவினார்கள், சக்கரம் தரையில் உட்கார்ந்தது. ப்ளக்கை மாட்டினாள். "கட்ட மேலயே ஒருக்கா ஓட உட்டுப் பாத்திருக்கலாம்ல?" என்று பிரகதீஸ் கேட்டான். இதுதான் அவனால் முடிந்த அதிகபட்சம்.

"ஆடிச் சாஞ்சுரும்டா. இத்தனை மாசம் கட்டுனது கீழ உழுந்தா யார் தூக்கறது? போடு, முதல் கியர். மெதுவா உடு கிளட்ச்ச. அப்பிடியே சந்துக்கு." அவள் போய் வாசலில், வண்டிக்கு முன்னால் ஓரமாக நின்று போனில் வீடியோ போட்டாள். இர்ஷாத் மறுபடி பின்னால் சுவரோரம் போய் டப்பா மேல் உட்கார்ந்துகொண்டான், மிச்ச டீயோடு. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் அவன் காலை நீட்ட மட்டும் இடம்.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமி, கத்தி, பிடித்துக்கொண்டது. தகரம் நடுங்கியது, பூ நடுங்கியது, தொடை நடுங்கியது, எது எதனால் நடுங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை, அதுவும் ஒரு நல்லதுதான். புல்லி அம்புப் பக்கம் சுத்தியது. அம்பே தெரியவில்லை, வெள்ளையாக ஒரு வட்டம். கிளட்சை அமுக்கி தாத்தாவை முதல் கியரில் தள்ளினான், கரக் என்று ஒப்புக்கொண்டது. இந்துஜா கையை ஆட்டினாள், வா வா என்று, குழந்தையை நடக்கக் கூப்பிடுகிற மாதிரி. முன்னால் அக்கா, வெயில், சந்து, நாய். எல்லாரும் முன்னாலேயே பார்த்தார்கள். இவனுக்கு மட்டும் பிடரி கூசியது. பிடரிக்குப் பின்னால் ஒருத்தன் டீயை ஊதிக் குடிக்கிறான்.

"இர்ஷாத்து" என்று கத்தினான். "அங்கிருந்து எந்திரி."

"என்னடா?"

"எந்திரிடா."

"ஏன்டா, புகை மூஞ்சில அடிக்கும்னு அக்கறையா? பாசமலரே..."

"எந்திரிடா நாயே!"

அந்தக் குரல் அவனுக்கே புதுசு. கீச்சென்று, நடுவில் உடைந்து, சின்னப் பையன் குரல். இந்துஜாவின் கை பாதியில் நின்றது. இர்ஷாத் டீயைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் வந்துவிட்டான். போச்சு. கேட்டுவிட்டார்கள். இனி மறைக்க ஒன்றும் இல்லை. வலது காலின் குதியை ஆக்சிலரேட்டரில் வைத்து, விரலைப் பிரேக்குக்கு மேலே தொங்க விட்டு, கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் பாய்ந்தது.

டங். குக்கர் மூடி. அதே சத்தம். உடம்பு அதுக்குள் செத்து முடித்துவிட்டது, தொடை போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டது. பிறகுதான் எஞ்சின் அணைந்ததும், கால் பிரேக்கில் ஏறி நிற்பதும் தெரிந்தது. தொடையைத் தொட்டான், இருந்தது. ஷூவைப் பார்த்தான், இருந்தது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். பெயிண்டு டப்பா சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அப்பளமாக இருந்தது. இர்ஷாத் டம்ளரைப் பிடித்தபடி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ அவன் கையில் வழிந்து சொட்டியது, சுடவில்லை போல.

"தலைகீழா போட்டா பல்சக்கரம் பக்கம் மாறிரும்" என்று இந்துஜா சொன்னாள், யாரிடமும் இல்லை. முகத்தில் சிரிப்பு போயிருந்தது. "முன்னாடி போற கியர் எல்லாம் பின்னாடி. ரிவர்ஸ் ஒண்ணுதான் முன்னாடி. அய்யோ. அய்யோ, எனக்கு எப்பிடித் தோணாம போச்சு." கிட்டே வந்தாள். "உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாது."

"அப்பறம் எப்பிடி அவனை எந்திரிக்கச் சொன்ன?"

எதையாவது சொல்லலாம். அம்பைப் பார்த்தேன் எனலாம், மூளைக்காரன் ஆகிவிடலாம். "பயமா இருந்துச்சு" என்றான். "முதல் போல்ட்டுல இருந்தே பயந்துட்டுத்தான் இருந்தேன். வண்டி கட்ட ஆரம்பிச்சதுல இருந்தே."

எதிர்பார்த்த பார்வை வரவில்லை. அவள் அவனைத்தான் பார்த்தாள், ஆனால் வேறு எங்கேயோ பார்க்கிற மாதிரி. இர்ஷாத்தான் முதலில் வாயைத் திறந்தான். "இன்னும் கொஞ்சம் முன்னாடி பயந்திருக்கலாம்ல மாப்ள" என்றான். குரல் தமாசுக்குப் போகப் பார்த்துப் பாதி வழியில் நின்றுவிட்டது.

"சரி, வண்டியை முன்னால தள்ளி டப்பாவ எடுக்கலாம்" என்று இந்துஜா கையை நீட்டித் தாத்தாவை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு அவன் முதுகைத் தொட்டாள். "பிரேக்க விடு."

"ம்" என்றான்.

"விடுடா."

"விட்டுட்டேன்" என்றான். இர்ஷாத் ஒரு பக்கமிருந்து தள்ளினான், அவள் மறுபக்கமிருந்து தள்ளினாள், வண்டி அசையவில்லை. அப்போதுதான் அவன் குனிந்து கீழே பார்த்தான். கால் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.